ஜோடியாகக் குதித்துப் பழகி, பாறைக்குப் போகிறவர்களுக்கு

ஒன்பது வருடம் நீச்சல்குளத்தின் பத்து மீட்டர் மேடையிலிருந்து ஜோடியாக, இருவரும் ஒரே அசைவில், தண்ணீருக்குள் குதித்தேன். பிறகு ஆறு வருடம் பாறை விளிம்பிலிருந்து தனியாக. இரண்டையும் தொட ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "பாறை டைவிங்கின் 27 மீட்டருக்கு எப்போது ஏறலாம்?" என்றுதான். முதலில் ஜோடி டைவிங்கை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பெய்ஜிங் 2008 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக டாம் டேலியுடன் குதித்த பிளேக் ஆல்ட்ரிஜும் ஜோடி மேடையைத் தாண்டித்தான் பாறைக்கு வந்தார்.

ஜோடி தேடும்போது, மேடையை விட்டு எழும்பும் வேகம் உங்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். என் ஜோடி என்னைவிட நான்கு விரற்கடை உயரம். உயரமான உடம்பு மெதுவாகத்தான் சுழலும். அவன் முழங்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான், நான் சற்றுத் தளர்த்தினேன். தனிப்போட்டியில் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்த வேகத்தை விட்டுக்கொடுத்தது வலித்தது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். பெரிய போட்டிகளில் பதினொரு நடுவர்கள்: மூவர் உங்களை மட்டும் பார்ப்பார்கள், மூவர் உங்கள் ஜோடியை மட்டும், ஐவர் இருவரும் ஒன்றாக இருக்கிறீர்களா என்பதை மட்டும். அதிகமானதையும் குறைவானதையும் கழித்தால் ஆளுக்கு ஒன்று, ஒத்திசைவுக்கு மூன்று என ஐந்து எண்கள் மிஞ்சும். அவற்றைக் கூட்டி, டைவின் கடின அளவாலும் 0.6-ஆலும் பெருக்குவார்கள். 8, 7.5, 8.5, 8.5, 8 என்று விழுந்தால் கூட்டல் 40.5, கடினம் 3.2 என்றால் 77.76. ஐந்தில் மூன்று பங்கு ஒற்றுமைக்கே போகிறது. மேடையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி விழுகிறீர்கள் என்பதில்கூட இருவரும் ஒத்திருக்க வேண்டும்.

எழும்புவதற்கு முன் சத்தமாக எண்ணுவதை ஒருவரே செய்யட்டும், எப்போதும் அவரே. மாற்றாதீர்கள். தரையில் கண்ணை மூடிக்கொண்டு, எண்ணும் குரலை மட்டும் கேட்டு இருபது முறை எழும்பிப் பாருங்கள். கால்கள் ஒரே சத்தமாகத் தரையைத் தொடும்வரை மேடைக்குப் போக வேண்டாம். நாங்கள் இரண்டு மாதம் இதையே செய்தோம்.

போட்டியில் அசைவைத் தொடங்கிவிட்டு நிறுத்தினால் மதிப்பெண் வெட்டு. அதனால் குரல் எழுந்ததும் போய்விடும் பழக்கம் உடம்பில் ஊறிவிடும். பாறைக்குப் போகும்போது நான் கழற்ற வேண்டியிருந்தது இந்தப் பழக்கத்தைத்தான். அங்கே எண்ணுவதும் நீங்கள், கேட்பதும் நீங்கள். காற்று திசை மாறினால், தண்ணீரின் மேற்பரப்பு கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், மனம் வேறெங்காவது இருந்தால் திரும்பி இறங்கி வர வேண்டும். முதல் முறை 27 மீட்டரில் ஏறிய அன்று நான் இரண்டு தடவை இறங்கி வந்து, மூன்றாவது தடவைதான் குதித்தேன். பயிற்சியாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடியுங்கள். "போ, போ" என்று தள்ளுகிறவரிடம் ஒருநாளும் உயரம் ஏறாதீர்கள்.

பத்து மீட்டரில் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆண்கள் போட்டியிடும் 27 மீட்டரில் 80-ஐத் தாண்டும். பெண்களின் 20 மீட்டரில் 70. வேகம் ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டினாலே தண்ணீரின் அடி இரண்டரை மடங்குக்கு மேல் போகும். தோளும் கழுத்தும் அதைத் தாங்காது, அதனால் கால்தான் முதலில் இறங்கும். கை முதலில் இறங்கியே பழகிய நமக்கு இதுதான் பெரிய மாற்றம். கடைசி அரைப் பல்டியில் அரைச் சுற்று திரும்பி, தண்ணீரைக் கண்ணால் பிடித்து, காலை அடியில் கொண்டுவரும் அசைவைப் பரானி என்பார்கள். முதலில் டிராம்போலினில், பிறகு ஐந்து மீட்டரில், பிறகு பத்தில் என்று நூற்றுக்கணக்கில் செய்யுங்கள்.

27 மீட்டர் டைவை முழுதாகப் பயில வழக்கமான குளங்களில் உயரம் கிடையாது. அதனால் இரண்டாக வெட்டிப் பயில்வோம்: பத்து மீட்டரில் முதல் பாதியைச் செய்து கையால் இறங்குவது, பின்பாதியைத் தனியாகச் செய்து காலால் இறங்குவது. இரண்டும் ஒட்டுவது மேலே போன பிறகுதான். நடுவில் 12, 15, 18, 20 என்று ஏறும்போது ஒவ்வொரு உயரத்திலும் முதல் சில நாள் நேராகக் காலால் குதிப்பது மட்டும் போதும். முழு உயரத்தில் என் பயிற்சியாளர் ஒரு நாளைக்கு ஐந்து குதிப்புக்கு மேல் விட்டதில்லை. ஆறாவதைக் கேட்டு நான் கெஞ்சியிருக்கிறேன். அவர் செய்தது சரி.

பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்தான் கனவு என்றால் ஜோடியிலேயே இருங்கள். பாறை டைவிங்குக்கு அங்கே இடமில்லை. உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பில் இதே உயரங்களிலிருந்து மேடையில் குதிக்கும் உயர டைவிங் 2013 பார்சிலோனாவிலிருந்து நடக்கிறது. 2009-இல் தொடங்கிய ரெட் புல் பாறை டைவிங் தொடரில் நிரந்தர இடங்கள் சில மட்டுமே, மற்றவர்கள் வைல்டு கார்டில், அதாவது சிறப்பு அழைப்பில் வருவார்கள். 2016-இல் அப்படி வந்த ஆஸ்திரேலிய வீராங்கனை ரியானன் இஃப்லண்ட் அந்த வருடத் தொடரையே வென்றார். எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களின் டைவிங் காட்சிகளில் வேலை பார்த்தேன். சம்பளமும் வந்தது, தினமும் உயரத்தில் நிற்கும் பழக்கமும் வந்தது.

கடைசியாக, தண்ணீருக்குள் உங்களுக்காகக் காத்திருக்கும் பாதுகாப்பு நீச்சல்காரர்களைப் பற்றி. மேலே வந்ததும் அவர்கள் முகத்தைப் பார்த்து, நலமாக இருக்கிறேன் என்று கையால் காட்ட வேண்டும். ஒருமுறை சற்றுச் சாய்ந்து இறங்கிவிட்டேன். முதுகின் அடியில் தீ வைத்தது போலிருந்தும், பார்வையாளர்கள் கைதட்டியதால் நலம் என்று காட்டி, அடுத்த சுற்றுக்கும் ஏறினேன். அந்தப் பருவம் முழுவதும் படுக்கையில் போயிற்று. வலித்தால் கையைக் காட்டாதீர்கள், மிதந்துகொண்டே இருங்கள். அவர்கள் வந்து பிடித்துக்கொள்வார்கள்.