மென்பொருள் க்ளெய்ம் ‘எளிதில் தோன்றக்கூடியதா’? மேல்முறையீட்டுக்கு முன் பார்க்கும் விதம்

தோவாளை பூச்சந்தைக்கு ஒரு மென்பொருள் எழுதினேன். பிச்சிப்பூ விலை மாறும்போதெல்லாம் விவசாயிக்குச் செய்தி போகும். க்ளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகம்) எழுதிக் காப்புரிமை கேட்டேன், ‘துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றும்’ என்று மறுப்பு உத்தரவு வந்தது. காப்புரிமைச் சட்டத்தின் 117ஏ பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக மூன்று மாதம் அவகாசம். வக்கீலைப் பார்க்கும் முன் நான் செய்தது இது.

உத்தரவில் காட்டிய முன் ஆவணங்களின் (‘இது ஏற்கெனவே வெளியானதுதான்’ என்று காட்டும் பழைய ஆவணங்கள்) வெளியீட்டுத் தேதியைப் பாருங்கள். உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு (இந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) பிந்தியதைத் தள்ளிவிடலாம். தேட கூகுள் பேடன்ட்ஸ் போதும், காசு கட்டாதீர்கள்.

அப்புறம் முதல் க்ளெய்மைத் துண்டு துண்டாக நோட்டில் எழுதுங்கள். கையால்தான். எக்செலில் ஒட்டும்போது வாசிக்காமலே தாண்டிவிடுவோம். ஒவ்வொரு துண்டும் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் ஆவணம் விலையை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புகிறது. இரண்டாவது, சிக்னல் இல்லாவிட்டால் செய்திகளைச் சேர்த்துவைத்து, வந்ததும் வரிசையாக அனுப்புகிறது. ‘என்னுடையது பழைய விலையை அழித்துவிட்டுக் கடைசி விலையை மட்டும்தானே அனுப்பும்!’ என்று இரண்டு நாள் கொதித்தேன். நோட்டைப் பார்த்தால் க்ளெய்மில் அந்த வரியே இல்லை. விண்ணப்பத்தோடு கொடுத்த விளக்கவுரையின் ஒன்பதாம் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. க்ளெய்மில் இல்லாததை வைத்து வாதாட முடியாது. நல்லவேளை, 59ஆம் பிரிவு க்ளெய்மை விரிக்கத்தான் விடாது. விளக்கவுரையில் உள்ளதைச் சேர்த்துக் குறுக்கலாம். திருத்தத்துக்கு அனுமதி கேட்க வழி கிடைத்தது.

சரி, இரண்டு ஆவணங்களையும் ஒருவர் ஏன் சேர்ப்பார்? உத்தரவில் அதற்குக் காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள். விடை தெரிந்தபின் எந்த விடுகதையும் லேசுதான். கேட்க வேண்டியது, உங்கள் முன்னுரிமைத் தேதியில், விடை தெரியாதவருக்குத் தோன்றியிருக்குமா என்பது. என் விஷயத்தில் இரண்டாவது ஆவணம் ஒரு செய்தியும் தொலையக் கூடாது என்கிறது. நான் வேண்டுமென்றே தொலைக்கிறேன். அதைப் படித்தவர் என் பக்கம் வருவாரா, எதிர்ப்பக்கம் போவாரா? நோட்டில் இதை எழுதியிருந்த பத்தியைத்தான் வக்கீல் முதலில் அடிக்கோடிட்டார்.

எளிதில் தோன்றுவது பற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2007 கே.எஸ்.ஆர். தீர்ப்பைப் படித்துக் குழம்ப வேண்டாம். நமக்கு நம் சட்டத்தில் இதை வரையறுக்கும் 2(1)(ஜேஏ) பிரிவு.

பின்சேர்க்கை: ‘விவசாயிக்கு லாபம் என்று காட்டினால் போதாதா?’ என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். போதாது. பொருளாதார முக்கியத்துவம் இருந்தாலும், எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. உத்தரவில் 3(கே) பிரிவும் (வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்பது) இருந்தால், அதற்குத் தனியாகப் பதில் எழுதுங்கள், இதோடு கலக்காதீர்கள்.