தென்னையடியில் தேங்காய் மட்டை மூடாக்கு: செய்முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீடு இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் அடிக்கிற கீழைக்காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டே போகும். பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரும் மிக அதிகமாக இறைக்கப்படுகிறது. அதனால் மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டுவதற்கு முன், விட்ட தண்ணீரை மண்ணிலேயே நிறுத்தப் பாருங்கள். தென்னையடி மண்ணை மூடி வைப்பதுதான் மூடாக்கு; அதற்கு வேண்டிய தேங்காய் மட்டை கொல்லையிலேயே கிடக்கிறது. அடுப்பெரிக்கத்தான் வேண்டும் என்றால் பாளையும் ஓலைத்தண்டும் போதாதா?

1. மழை முடியும் முன், மண் ஈரமாக இருக்கும்போதே தொடங்குங்கள். காய்ந்த மண்ணை மூடினால் பலன் குறைவு.

2. தூரிலிருந்து சுமார் 1.8 மீட்டர் வரை, அதாவது ஓர் ஆள் உயரத்துக்கு, வட்டப்பாத்தி போடுங்கள். களையை எடுத்துவிடுங்கள். ஆழமாகக் கொத்த வேண்டாம், மேல்வேர் அறுபடும். கரிசல் மண்ணாக இருந்தால் வெடிப்புகளை மூடிவிட்டு நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

3. இதுதான் முக்கியம். மட்டையின் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்க, முதுகு மேலே தெரியும்படி நெருக்கமாக அடுக்குங்கள். வெயில் முதுகில்தான் படும், நார்ப்பக்கம் ஈரத்தோடு கிடக்கும். ஒரு மரத்துக்கு ஏறக்குறைய 100 மட்டை வேண்டும். அவ்வளவு இல்லையா? காய்ந்த ஓலையை வெட்டி இடைவெளியில் போடுங்கள். தூரை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள், கரையான் ஏறாமல் இருக்கும்.

மட்டை மிச்சம் இருந்தால் புதைக்கவும் செய்யலாம். மழை தொடங்கும்போது மரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் அகலமும் ஆழமும் உள்ள குழி வெட்டி அடுக்க வேண்டும். இங்கே முறை தலைகீழ்: குழிந்த பக்கம் மேலே. தண்ணீரை ஏந்திக்கொள்ளத்தான். ஐந்து முதல் ஏழு வருடம் வரை இது பலன் தரும். கூலிக்கு ஆள் வைத்தால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மட்டை கண்டபடி விழும்.

4. அப்புறம் தண்ணீர் விடுகிற நேரம். காலை வெயிலுக்கு முன் அல்லது சாயங்காலம். ஹோஸைத் தூரில் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போகாதீர்கள். பாத்தி முழுவதும் பரவ வேண்டும்.

5. எப்போது மறுபடி விடுவது? நாள் கணக்கு பார்க்க வேண்டாம். ஒரு மட்டையைத் தூக்கி, ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் இன்று விட வேண்டாம். உதிர்ந்தால் விடுங்கள். மட்டையைத் தூக்கும்போது கை வைப்பதற்கு முன் குச்சியால் ஒருமுறை தட்டிவிடுங்கள். அடியில் தேள் இருக்கலாம்.