ஓவரி (சினைப்பை) முறுக்கிக்கிட்டா என்ன செய்யணும், ஹார்மோன் மாத்திரை எங்க உதவும்

எங்க சித்தி மவளுக்கு 19 வயசு. தக்கலையில ஒரு ராத்திரி திடீர்னு வலது பக்க அடிவயித்துல நொம்பலம், ரெண்டு தரம் சர்த்தியும் வந்துட்டு, வாயுவா இருக்கும் வெறும் வயித்தோட கெடக்காதன்னு சித்தி கஞ்சியும் பயறும் குடுத்துட்டாவ. ஆஸ்பத்திரியில பாத்தா ஓவரி முறுக்கு. ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கணும்னா வயிறு காலியா இருக்கணும், அதனால மயக்க டாக்டர் அந்த கஞ்சி கதையக் கேட்டு தலையில கைய வச்சாரு.

ஓவரியில 5 சென்டிமீட்டருக்கு மேல கட்டி இருந்தா கனத்துல அது தன் காம்புலயே சுத்திக்கிடும், கிணத்து வாளியில கயிறு முறுக்குத மாதிரி. ரத்தம் உள்ள வரும், வெளிய போவ முடியாது, ஓவரி வீங்கி கருநீலமாவும், பிறகு வரத்தும் நிக்கும். இடது பக்கம் குடல் எடத்த அடைச்சிருக்கதால வலதுல தான் ஜாஸ்தி, அதனால தான் அப்பெண்டிக்ஸ்னு நெனச்சு ஏமாறுதோம்.

இப்படி நொம்பலம் வந்தா வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. கடைசியா சாப்பிட்ட நேரம், கடைசி பீரியட்ஸ் தேதி, பழைய ஸ்கேன் பேப்பர், மூணையும் எடுத்துட்டு 108-க்கு போன் போடுங்க. ராத்திரியிலயும் ஸ்கேனும் ஆபரேஷனும் நடக்குத எடமா போங்க, நம்ம கன்னியாகுமரி பக்கம்னா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கு. நடுவழியில வலி கொறஞ்சாலும் வண்டியத் திருப்பாதீங்க, முறுக்கு விட்டு விட்டு வரும். டாப்ளர் ஸ்கேன்ல ரத்த ஓட்டம் தெரிஞ்சாலும் முறுக்கு இல்லன்னு அர்த்தம் இல்ல.

கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி கண்டிப்பா கேளுங்க: ஓவரிய எடுக்கப் போறியளா, முறுக்க அவுத்து விடப் போறியளா? கருத்துப் போயி இருந்தாலும் அவுத்து விட்டா முக்காவாசி பேருக்கு அது திரும்ப வேல செய்யும், சின்னப் புள்ளயளுக்கு எடுக்காம விடுதது தான் இப்போ வழக்கம்.

இனி ஹார்மோன் விஷயம். முறுக்கு அவுந்ததும் ரத்தம் ஒரேயடியா பாயும், அந்த ஆக்சிஜனே ஓவரியோட செல்லுகள அரிக்கும், இது தான் ரெண்டாவது அடி. மெலடோனின்னு 1958-ல கண்டுபிடிச்ச தூக்க ஹார்மோன எலிக்குக் குடுத்து, ஓவரிய முறுக்கி அவுத்துப் பாத்ததுல சேதம் கொறஞ்சிருக்கு. கிட்னியில சுரந்து செவப்பு ரத்த அணுவ உண்டாக்க வைக்குத எரித்ரோபொய்டின்ங்குத ஹார்மோனயும் அப்படி சோதிச்சிருக்காவ. எல்லாம் எலி அளவுல தான், மனுஷருக்கு இதுக்குன்னு ஒரு டோஸ் கெடையாது, மெடிக்கல்ல மெலடோனின் 3 மில்லிகிராம் வாங்கி முழுங்கிட்டு நேரத்த விட்டுராதீங்க.

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதுனா, அய்யோ கல்யாணம் ஆவாத புள்ளைக்கான்னு பதறாண்டாம். அது புதுசா நீர்க்கட்டி வராம பாத்துக்கிடும், இருக்குத கட்டியக் கரைக்காது, டெர்மாய்டுன்னா (முடி, கொழுப்பு எல்லாம் உள்ள இருக்குத கட்டி) ஒண்ணுமே செய்யாது. ஒத்தத் தலவலியோ வீட்டுல ரத்தக்கட்டு வந்த ஆளோ இருந்தா மொதல்லயே சொல்லிருங்க.

எங்க புள்ளைக்கு இருந்தது டெர்மாய்டு தான். கட்டிய மட்டும் எடுத்தாவ, ஓவரி அங்கயே இருக்கு.