ஒரே புகை, இரண்டு மேசை: கலிஃபோர்னியா தீயணைப்பு வீரரின் இழப்பீடும் ஓய்வூதியமும், படிப்படியாக

2024 ஆகஸ்ட் கடைசியில் பக்கத்து வீட்டுக் கேப்டன் ஒரு ஷூ பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இருபத்திரண்டு வருடம் தீயணைப்பு வண்டியில் போனவர். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. வழக்கமாகத் தீபாவளி முறுக்குக்குத்தான் அப்படி வந்து நிற்பார். அன்று பெட்டிக்குள் சம்பளச் சீட்டுகள், ஓய்வூதியக் கடிதங்கள், பழைய பணி அட்டவணைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மருத்துவ அறிக்கை. சிறுநீரகத்தில் புற்றுநோய்.

"நான்தான் வேலையை விட்டுவிட்டேனே, இனி நகராட்சிக்கும் எனக்கும் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நான் வேறொரு நகராட்சியின் மனிதவளப் பிரிவில் இந்தக் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவன். வழக்கறிஞன் அல்லன். அன்று சாப்பாட்டு மேசையில் அவருக்குச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இது கலிஃபோர்னியா கதை. பக்கத்து மாநிலமான நெவாடாவுக்குப் போனால்கூட சட்டம் வேறு, கெடு வேறு.

படி 1: எந்த மேசை என்று பிரியுங்கள்

பெட்டியைக் கவிழ்த்ததும் முதல் வேலை, காகிதங்களை இரண்டு குவியலாக்குவது. ஒன்று தொழிலாளர் இழப்பீடு. வேலையால் வந்த நோய்க்கு மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணம், நிரந்தர ஊனத்துக்குத் தொகை எல்லாம் இதில் வரும். இதற்கு மாநிலத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு. சண்டை வந்தால் தொழிலாளர் இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியம். மற்றொன்று ஓய்வூதியம். பல நகராட்சிகளுக்கு அது கால்பெர்ஸ் என்ற மாநிலப் பொது ஊழியர் ஓய்வூதிய அமைப்பு. சில மாவட்டங்களுக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி நிதியம்.

இந்த இரண்டு மேசைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஒன்றில் கொடுத்த மனுவை மற்றொன்றில் கொடுத்ததாகக் கணக்கில் கொள்ள மாட்டார்கள். நான் பார்த்த தகராறுகளில் பாதி இங்கேதான் தொடங்கியது.

படி 2: சட்டம் உங்களுக்காக எதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது?

சாதாரணத் தொழிலாளி ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால், அது வேலையால் வந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். எந்தத் தீயில் எந்தப் புகை எந்த உயிரணுவைக் கெடுத்தது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் கலிஃபோர்னியா சட்டமன்றம் 1982இல் தீயணைப்பு வீரர்களுக்காக ஓர் அனுமானத்தைச் சட்டமாக்கியது. தொழிலாளர் சட்டத்தொகுப்பின் 3212.1ஆம் பிரிவு அது. பணியின்போது புற்றுநோயை உண்டாக்கும் பொருளுக்கு ஆளானதைக் காட்டினால் போதும். நோய் வேலையால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். சம்பளம் வாங்குபவரா தன்னார்வலரா என்ற பேதம் இதில் இல்லை.

எது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதற்கு, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலைச் சட்டம் சுட்டுகிறது. பென்சீன், கல்நார், டீசல் புகை எல்லாம் அதில் இருக்கின்றன. டீசல் புகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்: தீ விபத்தே இல்லாத நாளிலும் நிலையத்துக் கொட்டகையில் வண்டி கிளம்பும்போதெல்லாம் அது மூக்கில் ஏறிக்கொண்டுதான் இருக்கும். 2022இல் அந்த முகமை ஒரு படி மேலே போய், தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது.

இந்த அனுமானம் மறுக்கக்கூடியது. ஆனால் நிர்வாகம் மறுக்க வேண்டுமென்றால், புற்றுநோய் முதலில் எந்த உறுப்பில் தோன்றியது என்று உறுதிசெய்து, அந்த நோய்க்கும் வீரர் ஆளான பொருளுக்கும் நியாயமான தொடர்பில்லை என்று அதுவே காட்ட வேண்டும். கேப்டன் இளமையில் சிகரெட் பிடித்தவர். அதைத்தான் முதலில் பயந்து பயந்து கேட்டார். மற்றத் தொழிலாளர்களுக்கு ஊனத்தில் இவ்வளவு பங்கு வேலையால், இவ்வளவு பங்கு வேறு காரணத்தால் என்று கூறுபோட்டுத் தொகையைக் குறைப்பார்கள். அனுமானத்துக்குள் வரும் நோய்களுக்கு அந்தக் கூறுபோடுதல் இல்லை என்று 4663ஆம் பிரிவு சொல்கிறது.

புற்றுநோய் மட்டுமல்ல. இதய நோய், குடலிறக்கம், நிமோனியா, காசநோய், மூளைக்காய்ச்சல், இரத்தவழித் தொற்று ஆகியவற்றுக்கும் அடுத்தடுத்த பிரிவுகளில் இதே ஏற்பாடு உண்டு. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன உளைச்சல் நோய் 2020 ஜனவரி 1 முதல் சேர்ந்தது. அதற்குப் பொதுவாக ஆறு மாதப் பணி முடிந்திருக்க வேண்டும்.

படி 3: நாட்காட்டியை எடுங்கள்

கேப்டனுடைய கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது. பணியை விட்ட பிறகும் அனுமானம் கொஞ்ச காலம் கூடவே வரும். முழுமையாக முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று மாதம். புற்றுநோய்க்கு உச்சவரம்பு 120 மாதம். முன்பு 60 மாதமாக இருந்ததை 2010இல் வந்த சட்டம் இரட்டிப்பாக்கியது. மன உளைச்சல் நோய்க்கு உச்சவரம்பு இன்னும் 60 மாதம்தான்.

அவர் கணக்கைப் போட்டோம். பணி 22 வருடம் 9 மாதம். அந்த ஒன்பது மாதத்துக்கு மதிப்பில்லை, முழு ஆண்டுகள் மட்டுமே. 22 × 3 = 66 மாதம், அதாவது ஐந்தரை வருடம். எந்தத் தேதியிலிருந்து? ஓய்வூதியக் கடிதத்தில் இருந்தது 2019 ஜூலை. அதைப் பிடித்துக்கொண்டு 2025 ஜனவரி வரை நேரம் இருக்கிறது என்று ஆறுதலாக உட்கார்ந்துவிட்டார்.

நான் பணி அட்டவணையைத் தேடினேன். சட்டம் கேட்பது ஓய்வு பெற்ற தேதியை அல்ல, அந்தப் பணியில் உண்மையாக வேலை செய்த கடைசி நாளை. சேர்த்து வைத்த விடுப்பை எல்லாம் ஓய்வுக்கு முன்னால் எடுத்துத் தீர்த்திருந்தார். நிலையத்தில் அவர் கடைசியாக நின்ற நாள் 2019 மார்ச் 15. அங்கிருந்து 66 மாதம் என்றால் 2024 செப்டம்பர் 15. நோய் உறுதியானது ஆகஸ்ட் 20. இருபத்தாறு நாள் இடைவெளியில் உள்ளே இருந்தார். அறிக்கையின் தேதியை அவர் மனைவி இரண்டு முறை விரல் வைத்துப் படித்தார்.

அந்த எல்லைக்கு வெளியே நோய் தெரிந்திருந்தால் மனு கொடுக்கவே முடியாது என்று பொருளில்லை. கொடுக்கலாம், ஆனால் சுமை திரும்ப உங்கள் தலைக்கு வரும், மருத்துவச் சான்றுகளோடு நீங்களே நிரூபிக்க வேண்டும். இதைத் தவிர மனு கொடுப்பதற்கென்று ஓராண்டுக் கெடு ஒன்று தனியாக ஓடும். நோயால் பாதிப்பு ஏற்பட்டு, அது வேலையால் வந்தது என்று தெரிந்த நாள்தான் பொதுவாக அதன் தொடக்கம். எந்த நாள் அது என்று வாதாடுவதைவிட உடனே கொடுத்துவிடுவது மேல்.

வீரர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கும் கெடு உண்டு. பொதுவாக அது பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 240 வாரம். தீயணைப்பு வீரர் புற்றுநோயால் இறந்தால் 420 வாரம் வரை போகலாம் என்று 2014இல் ஏ.பி. 1035 சட்டம் நீட்டியது.

படி 4: ஒரு பக்கப் படிவம்

இழப்பீடு கேட்டு நிர்வாகத்திடம் கொடுக்கும் மனுப் படிவம் இது. டி.டபிள்யூ.சி. 1 என்பது அதன் பெயர். நோயைப் பற்றி நிர்வாகத்துக்குத் தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் இதை அவர்கள் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவின் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

தேதிக் கட்டத்தில்தான் எல்லோரும் பேனாவை வைத்துக்கொண்டு விழிப்பார்கள். கால் உடைந்தால் தேதி உண்டு, புற்றுநோய்க்கு ஏது? வழக்கத்தில், நீண்டகாலப் பாதிப்பு என்று குறிப்பிட்டு, பணியில் சேர்ந்த நாள் முதல் கடைசியாக வேலை செய்த நாள் வரை எழுதுவார்கள். எப்படி ஏற்பட்டது என்ற கட்டத்தில் கதை வேண்டாம். பணியின்போது புகைக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுக்கும் ஆளானது, எந்த உறுப்பில் நோய், அவ்வளவு போதும்.

கொடுக்கும்போது உங்கள் கண்முன்னே தேதி முத்திரை போட்டு ஒரு நகலைக் கையில் வாங்குங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு வீரரின் படிவம் முத்திரை இல்லாமல் தட்டில் பதினொரு நாள் கிடந்தது. தட்டு என் மேசைக்கு இரண்டடி தள்ளி இருந்தது, நான் பார்க்கவில்லை. படிவம் எந்த நாள் வந்தது என்று பிற்பாடு ஆளுக்கொரு தேதி சொன்னார்கள்.

அந்தப் பதினொரு நாளுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், படிவம் கொடுத்த நாளிலிருந்துதான் நிர்வாகத்தின் கடிகாரம் ஓடுகிறது. மற்ற மனுக்களை ஆராய 90 நாள் உண்டு. அனுமானம் உள்ள நோய்களுக்கு, 2022இல் நிறைவேறிய எஸ்.பி. 1127 சட்டம் அதை 75 நாளாகக் குறைத்தது. அதற்குள் மறுக்காவிட்டால் வேலையால் வந்த நோய் என்றே கொள்ளப்படும். முடிவு வரும்வரை சிகிச்சைக்காக 10,000 டாலர் வரை அனுமதிக்கவும் வேண்டும். அனுமானம் உள்ள மனுவை நியாயமில்லாமல் மறுத்தால், அதனால் தாமதமான தொகையைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம். உச்சம் 50,000 டாலர். மறுப்புக் கடிதத்தைப் படிவம் போல் அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்த இடங்களில் இந்த அபராதம் வந்த பிறகு கோப்பைத் திறந்து படிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

மறுத்தாலும் அது கடைசி வார்த்தை அல்ல. வாரியத்தில் மனு போடலாம். இந்த வழக்குகளில் வழக்கறிஞர்கள் முன்பணம் கேட்பதில்லை; கிடைக்கும் தொகையிலிருந்து, நீதிபதி அனுமதிக்கும் பங்கை எடுத்துக்கொள்வார்கள்.

படி 5: இன்னும் பணியில் இருப்பவருக்குச் சம்பளம்

ஓய்வு பெற்ற கேப்டனுக்கு மருத்துவச் செலவும் நிரந்தர ஊனத் தொகையும்தான் பெரிது. பணியில் இருக்கும்போதே நோய் வந்தால் 4850ஆம் பிரிவைப் பாருங்கள். சாதாரணத் தொழிலாளிக்கு வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் ஒரு வரம்புக்குள். நகராட்சி, மாவட்டத் தீயணைப்பு வீரருக்கோ ஓராண்டு வரை முழுச் சம்பளம். தீயணைப்புத் துறையில் கணக்கெழுதுகிறவருக்கு இது கிடைக்காது. சாதாரண தற்காலிக ஊனத் தொகை ஐந்து வருடத்துக்குள் 104 வாரத்தோடு நின்றுவிடும், 3212.1இன் கீழ் வரும் புற்றுநோய்க்கு எஸ்.பி. 1127 அதை 240 வாரமாக்கியது. கீமோதெரபி ஒரு சுற்று, திரும்ப வேலை, திரும்ப நோய் என்று இழுப்பவர்களுக்கு இந்த வேறுபாடு வீட்டுக்கடன் தவணையில் தெரியும்.

படி 6: இப்போது மற்றக் குவியல்

ஓய்வூதியத்தில் முதல் கேள்வி: 2013 ஜனவரி 1க்கு முன் சேர்ந்தவரா, பின் சேர்ந்தவரா? அந்த நாளில்தான் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஓய்வூதியச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய உறுப்பினர் பலருக்கு 50 வயதில் ஆண்டுக்கு 3 சதவீதம் என்ற சூத்திரம் உண்டு. புதியவருக்கு அதிகபட்சமே 57 வயதில் 2.7, அதே சூத்திரம் 50 வயதில் 2 சதவீதம்தான்.

கடைசி மாதச் சம்பளம் 10,000 டாலர், பணி 25 வருடம் என்று வையுங்கள். பழையவர் 50 வயதில் போனால் 7,500. புதியவர் 50இல் போனால் 5,000. அதே 25 வருடப் பணியோடு 57இல் போனால் 6,750. புதியவருக்குச் சம்பளம் என்பது தொடர்ந்த 36 மாதச் சராசரி. ஓவர்டைம் இதில் சேராது. வீட்டில் எல்லோரும் ஓவர்டைமைச் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

வேலையால் வந்த ஊனத்துக்கான ஓய்வு தனி மனு. வயதோ பணி ஆண்டுகளோ போதாதவருக்கும் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் கிடைக்கும். அந்தப் பாதிக்குப் பொதுவாகக் கூட்டரசு வருமான வரி இல்லை. எட்டு வருடப் பணியோடு முப்பத்திரண்டு வயதில் முதுகு உடைந்தவருக்கு இது வாழ்வா சாவா. ஆனால் இழப்பீட்டில் வென்ற தீர்ப்பைக் காட்டினால் இது தானாக வந்துவிடாது. நோய் வேலையால் வந்தது என்பது ஒரு கேள்வி. தீயணைப்புப் பணியை இனிச் செய்ய முடியாது என்பது வேறு கேள்வி. உள்ளூர் வீரர்களுக்கு இரண்டாவதை முடிவு செய்வது கால்பெர்ஸ் அல்ல, அவர் வேலை செய்த நகராட்சியேதான்.

படி 7: புதிய மசோதா வந்தால்

வாட்ஸ்அப்பில் "ஓய்வூதியம் போச்சு" என்று வரும். நேரே மாநிலச் சட்டமன்றத்தின் சட்டத் தகவல் தளத்துக்குப் போய் எண்ணைத் தேடுங்கள். ஏ.பி. என்றால் கீழவை, எஸ்.பி. என்றால் செனட். மேலே இருக்கும் சுருக்கத்தில் முதலில் தற்போதைய சட்டம், பிறகு மாற்றம் என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு பத்தி போதும். ஆளுநர் கையெழுத்திட்டு நிறைவேறியதா என்று பாருங்கள். அவசரச் சட்டமாக இல்லாவிட்டால் பொதுவாக அடுத்த ஜனவரி 1 முதல்தான் அமலாகும்.

ஓய்வூதிய மசோதா என்றால் யாருக்கு என்று தேடுங்கள். பணியிலிருப்பவருக்கு வாக்களித்ததைக் குறைப்பதற்கு இங்கே நீதிமன்றத் தடை பலமாக இருக்கிறது. அதனால் வெட்டு பெரும்பாலும் புதிதாகச் சேர்பவர் மேல் விழும். எல்லாச் சலுகைக்கும் அந்தக் காப்பு இல்லை: பணி செய்யாத ஆண்டுகளைப் பணம் கட்டி வாங்கும் வசதியை 2013 சட்டம் எடுத்தபோது மாநிலத் தீயணைப்பு வீரர்களின் சங்கம் வழக்குப் போட்டது, 2019இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

கடைசியாகப் பிரிவின் அடிவரிக்குப் போங்கள். காலாவதித் தேதி அங்கே ஒளிந்திருக்கும். மன உளைச்சல் நோய்க்கான 3212.15ஆம் பிரிவு 2025 ஜனவரி 1இல் முடிவதாக இருந்தது, 2023இல் எஸ்.பி. 623 அதை 2029 ஜனவரி 1 வரை தள்ளியது. கேப்டனின் பழைய குழுவில் ஒருவர் தூக்கமில்லாமல் தவிக்கிறாராம். அந்தத் தேதியை ஒரு சீட்டில் எழுதி, ஷூ பெட்டியின் மூடியில் ஒட்டி அனுப்பினேன்.