ஆச்சிக்காகப் போட்ட கமா: கட்டளை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் என்னிடம் வேலை பழக வந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் ஒரு ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதித் தானாக ஓடவிடும் கோப்பு) காட்டினான். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவியில் 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்து, அது சொல்லும் பதிலில் 'ஒர்க்கிங் டைரக்டரி கிளீன்' (பதியாத மாற்றம் ஏதுமில்லை) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுகிறது. இருந்தால் சர்வரில் ஏற்றும், இல்லாவிட்டால் நின்றுவிடும். எங்கிருந்தோ பழைய துண்டு ஒன்றை எடுத்து ஒட்டியிருக்கிறான். கிட் அந்த வாசகத்தை 2016-லேயே 'ஒர்க்கிங் ட்ரீ கிளீன்' என்று மாற்றிவிட்டது. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் நின்றுகொண்டிருக்க, இவன் காலையிலிருந்து தன் கோப்புகளில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

திட்டலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை. நானும் கணினியின் பிணைய விவரம் சொல்லும் 'இஃப்கான்ஃபிக்' கட்டளை காட்டும் வரியில் 'ஆடர்:' என்ற சொல்லைத் தேடி, அதை அடுத்து வரும் ஐபி முகவரியை வெட்டியெடுத்தவன்தான். உபுண்டு லினக்ஸின் 16.04 பதிப்பில் இருந்த அந்தச் சொல் 18.04-இல் இல்லை. முகவரி வெறுமையாக வந்தது. எனக்கும் ஒரு பகல் போனது.

மனிதர் கண்ணுக்காக எழுதிய வெளியீட்டை ஸ்கிரிப்ட் படிக்கும்போது வரும் தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பேக்கப் எடுங்கள், ஸ்பேஸ் உள்ள கோப்புப் பெயரைக் கவனியுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒருமுறை அடிபட்டால் தானாக வந்துவிடும்.

பார்ப்பதற்கு மட்டும் கட்டளை கொடுத்துவிட்டு, எடுப்பதற்கு ஒன்றும் கொடுக்காதது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். தவறு என்னுடையது என்பதால் கூடுதல் எரிச்சல்.

ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அதில் 'இருப்பு' என்று ஒரு கட்டளை. உண்மையில் அது நான் பிழை தேடுவதற்காக எனக்கே வைத்துக்கொண்டது: டிசைன் பெயர், நிறம், எண்ணிக்கை, மூன்றும் வரிசையாகத் திரையில் வரும். கணக்குப் பார்க்கும் ஆச்சிக்கு அது பிடித்துப்போய், தினமும் அதையே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒருநாள் ஆச்சி கூப்பிட்டார். "தம்பி, இது பன்னிரண்டாயிரமா, ஆயிரத்து இருநூறான்னு கண்ணு பூத்துப் போகுது. நடுவுல ஒரு கமா போட்டுக் குடுங்களேன்."

நியாயமான பேச்சு. ஐந்து நிமிட வேலை. 12400 என்பது 12,400 ஆனது. ஆச்சிக்கு மகிழ்ச்சி.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஆர்டர் பார்க்கும் பையன் அதே கட்டளையின் மூன்றாவது நெடுவரிசையை 'ஆக்' என்ற, உரையை வெட்டியெடுக்கும் கருவி கொண்டு எடுத்து, இருப்பு 500-க்குக் கீழே போனால் பட்டறைக்குத் தானாகச் செய்தி அனுப்பும்படி ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தான். ஒரு சொல்லை எண்ணாக மாற்றும்போது ஆக் முன்னால் உள்ள இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும், கமாவைப் பார்த்ததும் நின்றுவிடும். 12,400 அதற்கு வெறும் 12. புகார் ஏதும் சொல்லாது.

இதில் கொடுமை என்னவென்றால், ஆயிரத்துக்குக் கீழே உள்ள எண்ணில் கமா கிடையாது. ஆகவே குறைவாக இருந்த டிசைன்கள் எல்லாம் சரியாகவே வந்தன. எது மலைபோல் குவிந்து கிடந்ததோ, அதற்குத்தான் மறுபடி மறுபடி ஆர்டர் போனது.

ஆத்தங்குடி டைல்ஸ் மெஷினில் அடித்துத் தள்ளுவது அல்ல. கண்ணாடி மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது. இரண்டு நாள் செய்த பிறகு மேஸ்திரி போன் செய்தார்: "அண்ணே, கொட்டகையில அடுக்க எடமில்ல. மறுபடியும் அதே நீலப் பூவா?"

சிமெண்ட், நிறம், கூலி எல்லாவற்றிலும் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். பையனிடம் கத்தினேன். அவன் அமைதியாகச் சொன்னான்: "வேற எங்கேருந்து எடுக்கிறது அண்ணே? நீங்க குடுத்தது அது ஒண்ணுதானே."

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். விருந்தாளி முகப்பு வழியாக வருவார். விறகும் நெல்லும் பின்பக்கத் தெரு வழியாக வரும். பின்கதவே வைக்காமல் வீடு கட்டினால் நெல் மூட்டையும் முகப்பு வழியாகத்தான் வரும். அப்புறம் திண்ணையில் கீறல் விழுந்தது என்று கோபப்பட்டு என்ன செய்ய?

இப்போது ஸ்கிரிப்டுகள் படிப்பதற்கென்றே, ஜேசன் என்ற தரவு வடிவத்தில், 'இருப்பு --ஜேசன்' என்று தனியாக இருக்கிறது. அதில் கமா இல்லை. டிசைனுக்குப் பெயர் இல்லை, மாறாத குறியீட்டு எண்தான். எண்ணிப் பார்க்காத டிசைனுக்குச் சுழியம் போடாமல் 'நல்' வரும், ஏனென்றால் 'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு. வடிவத்துக்கு ஒரு பதிப்பு எண் உண்டு. புதிய புலம் (தகவல் கட்டம்) சேர்ப்பேன். இருப்பதன் பெயரை மாற்றமாட்டேன்.

'பிழை தேடத்தானே வைத்தேன்' என்ற சமாதானம்

செல்லாது. லினக்ஸின் உட்கருவான கெர்னலிலேயே செல்லவில்லை. உள்ளே நடப்பதைப் பதிவுசெய்யும் அதன் டிரேசிங் நிகழ்வுகளில் 'லாக் டெப்த்' என்று ஒரு புலம் இருந்தது. கெர்னல் முழுவதற்குமான பழைய பெரிய பூட்டு எத்தனை அடுக்கு போடப்பட்டிருக்கிறது என்று சொல்வது. 2011-இல் பூட்டே போய்விட்டது, புலத்தையும் எடுத்தார்கள். உடனே மின்செலவைக் காட்டும் 'பவர்டாப்' கருவி உடைந்தது. அது புலங்களைப் பெயரால் தேடாமல், இத்தனையாவது பைட்டில் இருக்கும் என்று நம்பிப் படித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அந்த 4 பைட்டுகளை வெற்றிடமாகத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. கதவு போன பிறகும் நிலை நின்ற கதை.

பெயரைப் பார்த்து ஏமாறுவது

ஸ்கிரிப்டுக்கான மாறாத வடிவம் வேண்டுமென்றால் கிட்டில் 'கிட் ஸ்டேட்டஸ் --போர்சலின்' கொடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கிட்டின் பேச்சுவழக்கில் மனிதர் பயன்படுத்தும் கட்டளைகளுக்குத்தான் போர்சலின் (பீங்கான்) என்று பெயர். உள்வேலைக் கட்டளைகள் 'பிளம்பிங்'. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் அடுக்கியிருக்கும் பீங்கானைப் போல, பார்த்தால் அலங்காரம் என்றுதான் தோன்றும். கையேட்டைப் படியுங்கள்.

ஒரே கட்டளைக்கு இரண்டு முகம் உண்டு என்பதை மறப்பது

கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' திரைக்கு ஒரு மாதிரி எழுதும், குழாய்க்கு (வெளியீட்டை இன்னொரு கட்டளைக்கு அனுப்பும் வழி) ஒரு மாதிரி எழுதும். 2016-க்குப் பிறகு ஸ்பேஸ் உள்ள பெயர்களுக்குத் திரையில் மட்டும் மேற்கோள்குறி போடுகிறது. கண்ணால் பார்த்ததை வைத்து ஸ்கிரிப்ட் எழுதினால், அதன் கையில் வருவது வேறாக இருக்கும்.

எச்சரிக்கையையும் விடையையும் ஒரே குழாயில் விடுவது

வேண்டாம். எச்சரிக்கைக்குப் பிழைக்குழாய் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

வெளியேறும் எண்ணைப் பார்க்காதது

கட்டளை முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். சொல் தேடும் 'கிரெப்', கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோளாறு என்றால் 2. கடைசி இரண்டையும் ஒன்றாகக் கருதாதீர்கள்.

சூடுபட்ட பூனையாக, எல்லாவற்றையும் ஜேசன் ஆக்குவது

இதையும் செய்தேன். கமா விவகாரத்துக்குப் பிறகு ரோஷத்தில் அட்டவணையையே தூக்கிவிட்டு ஜேசன் மட்டும் வைத்தேன். மறுநாள் காலை ஆச்சி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி இது, சிக்குக் கோலம் மாதிரி இருக்கு?"

அட்டவணையைத் திரும்பக் கொண்டுவந்தேன். உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் 'ஆப்ட்' கட்டளையின் வெளியீட்டைக் குழாயில் விட்டால், தன் வடிவம் நிலையானது அல்ல, ஸ்கிரிப்டில் பார்த்துப் பயன்படுத்து என்று எச்சரிக்குமே, அதே போல ஒரு வரியை என் கட்டளையும் பிழைக்குழாயில் சொல்கிறது. அதற்கு அப்புறம் ஆச்சி மூன்று முறை மாற்றச் சொல்லிவிட்டார்: லட்சத்துக்கும் கமா, குறைவான இருப்புக்குச் சிவப்பு, நிறப் பெயர் தமிழில். மூன்றையும் அன்றன்றைக்கே செய்து கொடுத்தேன். மேஸ்திரியிடமிருந்து போன் வரவில்லை.