பிஎச்பி 8.1-க்கு மாறியதும் பட்டியல் காலியானது ஏன்?

இணையதளங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டதால், பழைய தளம் ஒன்றை 8.1-க்கு மாற்றினேன். உறுப்பினர் பட்டியல் காலியாக வந்தது. பிழைச் செய்தி இல்லை, லாகிலும் ஒன்றுமில்லை. இது நாட்களைத் தின்றது.

முதலில் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) என்று நினைத்து அழித்துப் பார்த்தேன். டேட்டாபேஸில் தகவல் சரியாகவே இருந்தது. அப்புறம் பதிப்பு 8.0-இல் எண்ணையும் சரத்தையும் (எழுத்துத் தொடரையும்) == கொண்டு ஒப்பிடும் விதி மாறியது நினைவுக்கு வந்தது. அந்த இடங்களையெல்லாம் தேடினேன், பயனில்லை. பிரச்சினை இருந்தது, மதிப்போடு வகையும் ஒன்றா என்று பார்ப்பதால் பத்திரமானது என்று எல்லோரும் சொல்லும் === வரியில்.

விஷயம் இதுதான். பிஎச்பியை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு இணைக்கும் பிடிஓ, எமுலேட்டட் ப்ரிபேர் முறையில் (வினவலில் மதிப்புகளைப் பொருத்தும் வேலையை டேட்டாபேஸுக்கு விடாமல் பிடிஓவே செய்வது; இயல்பாக இருப்பது இதுவே) முன்பு எண்களையும் சரமாகவே தந்தது. 8.1 முதல் எண்ணாகவே தருகிறது. அதனால் '1' என்ற சரத்தோடு === ஒப்பீடு பொய்யாகிவிடுகிறது, பட்டியலும் காலியாகிறது. எக்கோ கொண்டு அச்சிட்டால் இரண்டும் 1 என்றே தெரியும். வார்_டம்ப் போட்டால்தான் வகை தெரியும். எமுலேஷனை அணைத்திருந்த பக்கங்களில் முன்பே எண்தான் வந்துகொண்டிருந்தது. அவை உடையாமல் ஓடியதுதான் என்னை அதிகம் குழப்பியது.

முதலில் இணைப்பில், எண்களைச் சரமாகவே தரவைக்கும் ஸ்ட்ரிஞ்சிஃபை ஃபெட்சஸ் அமைப்பை இயக்கினேன், பட்டியல் உடனே திரும்பியது. பிறகு ஒவ்வொரு ஒப்பீட்டிலும் மதிப்பை முழு எண்ணாக மாற்றி எழுதிவிட்டு அந்த அமைப்பை எடுத்துவிட்டேன்.