கடைசிப் பந்தி வரை இருங்கள்: சென்னைப் பழைய வீட்டில் ஒரு நாட்டிய மாலை

டிசம்பரில் ஊருக்கு வருகிற யாரைக் கேட்டாலும் பட்டியலில் இந்த மூன்றும் இருக்கும். ஒரு நல்ல டான்ஸ் பார்க்க வேண்டும், இலை போட்டுச் சாப்பிட வேண்டும், இடிக்கப்படாமல் மிச்சமிருக்கும் ஒரு பழைய வீட்டுக்குள் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். மூன்றையும் ஒரே மாலையில் முடித்துக்கொள்ள சென்னையில் வழி இருக்கிறது. டொராண்டோவிலிருந்து வந்து நான் இரண்டு முறை முயன்றேன். முதல் முறை சொதப்பல். இரண்டாவது முறை மந்தவெளி அத்தை கூட வந்ததால் தப்பித்தோம்.

முதலில் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன். 'பாரம்பரிய மாளிகையில் பரதமும் விருந்தும்' என்று விளம்பரம். இடத்தின் பேர் வேண்டாம். தேக்குத் தூண், ஊஞ்சல், வாசலில் உருளி நிறையப் பூ, எல்லாம் இருந்தது. மேடைக்கு இடது பக்கமே பஃபேயும் இருந்தது. வர்ணத்தில், அதாவது நிகழ்ச்சியின் நடுவில் வரும் நீண்ட உருப்படியில், நாயகி தோழியிடம், போய் அவரை அழைத்து வா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள், என் தோளுக்குப் பின்னால் ஒருவர் "மேடம், சூப்?" என்கிறார். மூடி திறக்கும் சத்தம், கரண்டி சத்தம், பிளேட் சத்தம். பாட்டு பென்டிரைவிலிருந்து வந்தது. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்து, ஆடிய பெண்ணை நடுவில் நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அவள் நன்றாகத்தான் ஆடினாள், பாவம். பார்க்கத்தான் ஆள் இல்லை.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் போனில் நாலு விஷயம் கேளுங்கள். சாப்பாடு ஆட்டம் முடிந்த பிறகா, நடுவிலேயா? பாட்டு, நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்வது), மிருதங்கம் எல்லாம் நேரில் உண்டா, ரெக்கார்டிங்கா? ஆட்டம் எத்தனை நேரம்? எத்தனை பேர் உட்காருவார்கள்? 'நடுவில்', 'ரெக்கார்டிங்' என்று பதில் வந்தால் அந்தப் பணத்துக்கு நல்ல ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, டான்ஸை சபாவில் பார்த்துவிடலாம். ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறைவு என்றாலும் யோசியுங்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற வரிசையில் வர்ணம் மட்டுமே அரை மணிக்கு மேல் எடுக்கும். அதை வெட்டிவிட்டால் மிச்சம் டிரெய்லர்தான்.

சபாவிலேயே பார்த்துவிடலாமே, வீடு எதற்கு என்று என் கணவரும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த ஆட்டம் பெரிய அரங்கத்துக்கு வந்து இன்னும் நூறு வருடம் ஆகவில்லை. சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் சொல்லப்பட்ட காலத்தில் அது கோயிலிலும் அரண்மனையிலும், அப்புறம் பணக்கார வீட்டுக் கூடத்திலும் கல்யாணப் பந்தலிலும்தான் நடந்தது. மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் மகள்கள் அங்கே ஆடியது 1931-ல். ருக்மிணி தேவி பிரம்மஞான சபையில் ஆடியது 1935-ல், அவருடைய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா தொடங்கியது அடுத்த வருடம். அதே காலத்தில் ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்துக்கொண்டிருந்தார். ஊரின் பெரிய வித்வான்களே அங்கே வந்து சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார்களாம். அவருடைய பேத்திதான் நாட்டிய மேதை பாலசரஸ்வதி. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947-ல் வந்தது. ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்கள் பல மேடையை விட்டே விலகின. இந்தக் கதையில் பாதிதான் அரங்கேற்ற மலர்களில் அச்சாகும். உங்கள் பிள்ளை வெளிநாட்டில் பரதம் கற்றுக்கொள்கிறது என்றால் மீதியையும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

விஷயம் என்னவென்றால், பத்தடி தூரத்தில் ஆடுவதற்காக உண்டான அபிநயம் இருபதாவது வரிசைக்கு வந்து சேர்வதில்லை. கை தெரியும், அடவு தெரியும். கண் தெரியாது.

எங்கே தேடுவது? மாளிகை என்றதும் மனதில் வருகிற இடங்கள் பெரும்பாலும் உதவாது. ராயப்பேட்டை அமீர் மகால் ஆற்காடு இளவரசர் குடும்பம் வாழும் வீடு; முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அடையாற்றங்கரையில் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் பிராடி கட்டிய பிராடி கோட்டை, இன்று 'தென்றல்' என்ற பேரில் இசைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது. கட்டியவர் அதே ஆற்றில் படகு விபத்தில் இறந்துபோனார். இப்போது அங்கே பிள்ளைகள் சாதகம் செய்கிறார்கள். கல்லூரியில் நிகழ்ச்சி ஏதாவது இருந்தால் விடாதீர்கள். சாப்பாடு மட்டும் வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னிமாரா ஹோட்டலுக்கு 1890-லிருந்து அந்தப் பேர். அதன் ரெயின்ட்ரீ உணவகத்தில் மரத்தடியில் செட்டிநாட்டுச் சாப்பாட்டோடு நாட்டியம் நடந்ததை எங்கள் அப்பா தலைமுறை இன்னும் பேசும். இப்போது ஆட்டம் உண்டா, எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பகலில் நேரம் இருந்தால் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குப் போய் வந்துவிடுவது நல்லது. செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்து எடுத்து வந்து அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நடந்து பார்த்த பிறகு, கூடத்தில் ஆடினால் யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

உண்மையான வீட்டுக் கச்சேரிகள் விளம்பரத்தில் வருவது குறைவு. மயிலாப்பூர், லஸ், ஆழ்வார்பேட்டை, அடையாறு பக்கம் பழைய வீட்டுக்காரர்கள் நாற்பது ஐம்பது பேரை அழைத்து நடத்துவார்கள். சிலர் சாப்பாட்டுக்கும் சேர்த்து டிக்கெட் வைப்பார்கள். தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றும். சபாவில் இடைவேளையின்போது பக்கத்து சீட் மாமியிடம் பேச்சுக் கொடுங்கள். கூகுளில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். டிசம்பரில் வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். 1639-ல் இந்த நிலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய நாள் என்று கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்தையொட்டிப் பழைய கட்டடங்களில் நடை, பேச்சு, கச்சேரி என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். கனடா, லண்டன் பள்ளி விடுமுறைக்கும் அது தோதான நேரம். டிசம்பர் என்று சொன்னதற்கு ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன்: மியூசிக் அகாடமியின் நாட்டிய விழா ஜனவரி முதல் வாரத்தில்தான் ஆரம்பம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊர் திரும்ப டிக்கெட் போட்டுவிட்டு, அகாடமியில் டான்ஸ் பார்க்க முடியவில்லையே என்று வருந்துகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஒன்றும் அமையவில்லை என்றாலும் ஏழைகளின் மாளிகை ஒன்று இருக்கிறது: சபா கேன்டீன். சின்ன ஹாலில் முன் வரிசை டிக்கெட், முடிந்ததும் கேன்டீனில் ரவா தோசை, கீரை வடை, காசி அல்வா, டிகிரி காபி. பகல் நேர நிகழ்ச்சிகள் பல இலவசம். கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவனில் வருடம் முழுக்க ஏதாவது இருக்கும். தேக்குத் தூண் இருக்காது, அவ்வளவுதான்.

இனி எங்களுடைய நல்ல மாலை. விமானத்தில் வந்து ஐந்தாம் நாள். வந்த இரண்டாம் நாளே இதை வைத்துக்கொள்ளாதீர்கள். வர்ணத்தில் தலை தொங்கிவிடும். ஆறரைக்கு ஆட்டம் என்றால் ஐந்தரைக்கே ஆட்டோவில் ஏறுங்கள். மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூர், மந்தவெளி பக்கம் தோண்டி வைத்திருக்கிறார்கள். மேப் காட்டுகிற பதினைந்து நிமிடத்தை நம்ப வேண்டாம். வெளிநாட்டு கார்டு ஆட்டோவில் செல்லாது, நூறு ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை மூன்று கட்டளை போட்டார். சம்மணம் போட்டு உட்கார வசதியான உடை. காலில் கொசுவுக்கு ஓடோமாஸ், ஏனென்றால் முற்றம் திறந்திருக்கும். போனை அணைத்துப் பையில் போடு. என் பெண்ணுக்குப் பதினாலு வயது, போன வருடம்தான் ஸ்கார்பரோவில் அரங்கேற்றம் முடிந்தது. மூன்றாவது கட்டளையைக் கேட்டு முகம் சுருங்கியது. "பாட்டி, ஒரே ஒரு வீடியோ" என்றாள். "வீட்டுக்காரங்க கிட்ட கேளு, அவங்க சரின்னா எடு" என்றார் அத்தை. வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். நல்லதாகப் போயிற்று.

நாங்கள் போன வீட்டுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை, அதாவது தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. கீழே ரெட் ஆக்சைடு தரை, எண்பது வருடம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி. ஆடும் இடத்தில் மட்டும் மரப்பலகை போட்டிருந்தார்கள். சிமென்ட் தரையில் தட்டி ஆடினால் முட்டி போய்விடும். பலகை போட்டிருப்பதைப் பார்த்தாலே நடத்துகிறவர்களுக்கு விஷயம் தெரியும் என்று நம்பலாம். மைக் கிடையாது. நாற்காலி பின் வரிசையில் பெரியவர்களுக்கு. நாங்கள் பாயில்.

மைக் இல்லாமல் நட்டுவாங்கத்தைக் கேட்டதில்லை என்றால் அதற்காகவே போக வேண்டும். வாயால் சொல்லும் சொல்கட்டு கூரையில் பட்டுத் திரும்பி வருகிறது. சலங்கை சத்தம் தரை வழியாக உட்கார்ந்திருப்பவர் காலுக்கே வருகிறது. வர்ணத்தின் கடைசி ஜதியில் சலங்கையிலிருந்து ஒரு மணி கழன்று பலகையைத் தாண்டி, சிவப்புத் தரையில் உருண்டு வந்து என் பெண்ணின் முழங்காலில் முட்டி நின்றது. அவள் அதைக் கையில் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள்.

அடுத்து ஒரு பதம், அபிநயத்துக்கென்றே உள்ள மெதுவான பாட்டு. க்ஷேத்ரய்யாவுடைய தெலுங்குப் பதம். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆட்டக்காரர் உட்கார்ந்துவிட்டார். பூத் தொடுக்கிறாள் நாயகி. கதவுப் பக்கம் சத்தம். கை நிற்கிறது, தலை திரும்பவில்லை. கீழ் இமை மட்டும் ஒரு முறை துடிக்கிறது. வந்தது அவன்தான் என்பதும், எங்கே போய்விட்டு வருகிறான் என்பது தெரியும் என்பதும், இன்றைக்குக் கதவு திறக்காது என்பதும் அந்த இமையிலேயே வந்துவிட்டது. அத்தை என் பெண்ணின் காதில், "கையப் பாக்காத, கண்ணப் பாரு" என்றார். அவள் எப்போதோ பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

மங்களம் பாடும்போது எழுந்து செருப்பைத் தேடாதீர்கள். அது ஒரு நிமிடம்தான்.

சாப்பாட்டு விஷயம். இரவு என்பதால் பெரும்பாலும் டிபன் வகைதான் இருக்கும், முழு விருந்து சில இடங்களில். இடியாப்பம், தேங்காய்ப்பால், அடை அவியல், செட்டிநாட்டு வீடென்றால் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும். எல்லாம் சைவமாக இருக்கும். மது எதிர்பார்க்க வேண்டாம். பிள்ளைகளுக்கு நட்ஸ் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முந்திரி இல்லாத பாயசம் இந்த ஊரில் கிடையாது. இலை நுனி இடது பக்கம் வர வேண்டும், முடிந்ததும் உங்கள் பக்கமாக மடிக்க வேண்டும், போதும் என்றால் கையை இலைக்கு மேல் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் பந்திக்கு ஓடாதீர்கள். ஆடுகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். பக்கவாத்தியக்காரர்களோடு கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்கள். நாங்கள் காத்திருந்தோம். ஆடியவர் நகையைக் கழற்றிவிட்டு, முகத்தில் மேக்கப் அப்படியே இருக்க, எங்களுக்கு எதிர் இலையில் வந்து உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் அடையை நீட்ட, "முதல்ல தயிர் சாதம் கொண்டு வாங்கண்ணா, வேற எதுவும் இறங்காது" என்றார். பக்கத்தில் பார்த்தால் நாற்பத்தைந்து வயதிருக்கும், ஆடும்போது பதினாறு.

என் பெண் இடது கையில் மூடி வைத்திருந்த மணியை வலது கைக்கு மாற்றி நீட்டினாள். "அட, எங்க போச்சுன்னு பாத்தேன்" என்று சிரித்தார். அப்புறம் இவள் காலைப் பார்த்து, "நீயும் ஆடறியா?" என்று கேட்டார். இரண்டு பேரும் வெகு நேரம் பேசினார்கள். என்ன பேசினீர்கள் என்று ஆட்டோவில் கேட்டேன். "நத்திங்மா, ஐப்ரோ பத்தி" என்றாள்.